இரக்கப்பட்டு வேலையைப் பறிக்காதீர்கள்: மாற்றுத்திறனாளிகளுடன் பணியாற்றிய அனுபவங்கள்

ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர், டெல்டா மாவட்டம்

பார்வையற்ற இளைஞர் ஒருவர் குரூப் 4 தேர்வில் வென்று எங்கள் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது, அவரை மகிழ்ச்சியோடு வரவேற்காதவர் எவரும் இல்லை. மின்விசிறிக்குக் கீழே இருக்கை கொடுத்தார்கள். மதியம் கைப்பிடித்து உணவுக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார்கள். தேநீர் அவர் மேசைக்கே வந்தது. கோப்பு மட்டும் வரவில்லை. "பாவம், அவரை எதற்குச் சிரமப்படுத்த வேண்டும்?" என்று சொல்லி, அவருக்கு உரிய தன்பதிவேட்டை, அதாவது அவர் கையாள வேண்டிய கோப்புகளின் பதிவேட்டை, பக்கத்து இருக்கை அம்மையார் தம் வேலையோடு சேர்த்துச் சுமந்தார். ஒருநாள் மாலை அந்த இளைஞர் என்னிடம் வந்து, "ஐயா, சம்பளம் வரும் நாளில் எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஏதாவது வேலை கொடுங்கள்" என்றார்.

என்ன இருந்தால் வேலை செய்ய இயலும் என்று அவரையே கேட்டேன். அவருக்குத் தெளிவான விடை இருந்தது. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ என்னும் மென்பொருளைத் தம் மடிக்கணினியில் அவர் கல்லூரி நாள்களிலிருந்தே பயன்படுத்தி வந்தார். பார்வையற்ற இருவர் ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கிய அந்த மென்பொருள் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது. ஆனால் எங்கள் பிரிவின் பழைய வரைவுகள் எல்லாம் வானவில் எழுத்துருவில் இருந்தன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் அந்தக் கோப்புகளில் கணினி சேமித்து வைத்திருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே ஆதலால், மென்பொருள் அவற்றைப் பொருளற்ற ஓசைகளாக வாசித்தது. தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே சேமிக்கும் ஒருங்குறியை (யூனிகோட்) தமிழ்நாடு அரசு 2010-ஆம் ஆண்டிலேயே தகுதரமாக அறிவித்துவிட்ட பிறகும் பழக்கம் மாறாமல் இருந்ததுதான் அவருடைய வேலைக்குக் குறுக்கே நின்ற சுவர். அவருடைய கண்கள் அல்ல.

மாதிரி வரைவுகளை ஒருங்குறிக்கு மாற்றினோம். வருடி (ஸ்கேன் செய்து) எடுத்த படங்களாக வந்துகொண்டிருந்த சுற்றறிக்கைகளை இயன்றவரை மூலக் கோப்பாகவே அனுப்புமாறு பிற பிரிவுகளைக் கேட்டுக்கொண்டோம். எஞ்சியது கையெழுத்து மனுக்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் வரும் மனுக்களில் பெரும்பாலானவை கையால் எழுதப்பட்டவை. அவற்றை எந்த மென்பொருளும் நம்பிக்கையாகப் படிப்பதில்லை. ஆகவே மனுவின் சுருக்கத்தை அந்த அம்மையார் கணினியில் பதிவு செய்வார். அதன் பிறகு வட்டாட்சியருக்குக் கடிதம், நினைவூட்டு, மனுதாரருக்குப் பதில் ஆகிய அனைத்தையும் இளைஞர் பார்ப்பார் என்று வேலையைப் பிரித்தோம். இருவருக்கும் சுமை சமமாயிற்று, நிலுவையும் குறைந்தது. அவருக்கு அபார நினைவாற்றல் என்று பலர் வியந்து பேசியதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் ஒழுங்காகக் குறிப்பு வைத்துக்கொள்ளும் நல்ல எழுத்தர். அதற்கு உரிய மதிப்பே அவருக்குப் போதுமானது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியில் முன்பிருந்த 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டை 4 ஆக உயர்த்தியது. ஒதுக்கீடு ஒருவரை நாற்காலி வரை கொண்டுவந்து சேர்க்கும். மேசைமேல் வேலையை வைக்க வேண்டியவர்கள் உடன் பணிபுரிவோரே. இத்தகைய இரக்கத்தை உங்கள் பணியிடத்தில் கண்டிருந்தால், அதைக் கடந்த வழியையும் சேர்த்து எழுதுங்கள்.

பின்னலாடை நிறுவன மேற்பார்வையாளர், திருப்பூர்

எங்கள் லைனில் ஓவர்லாக் இயந்திரத்தில் தைக்கும் பெண் ஒருவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. தையலில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு. ஆயினும் புதிய ஸ்டைல் வரும்போதெல்லாம், "அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது, பழைய வேலையையே பார்க்கட்டும்" என்று ஒதுக்கிவிடுவது வழக்கமாக இருந்தது. எழுதிக் காட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிறவியிலேயே கேளாதவர்கள் பலருக்குச் சைகை மொழியே முதல் மொழி, எழுத்துத் தமிழ் பின்னால் கற்ற மொழி. நீளமான வாக்கியம் எழுதி நீட்டினால் அவர் மரியாதைக்காகத் தலையசைப்பார், அவ்வளவுதான்.

நாங்கள் செய்தது எளியது. தைத்து முடித்த சாம்பிள் ஒன்றையும், ஒவ்வொரு நிலையிலும் நிறுத்திய அரைகுறைச் சாம்பிள்களையும் வரிசையாக அவர்முன் வைத்தோம். பார்த்த மாத்திரத்தில் தைத்துவிட்டார். இப்போது புதிதாக வருபவர்களுக்கும் அந்த வரிசையை வைத்தே சொல்லிக்கொடுக்கிறோம். தீ எச்சரிக்கை மணியோடு மின்னும் விளக்கும் பொருத்த வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டு வாங்கினேன். இதைக் காது கேளாதவர்கள் பணிபுரியும் எந்தத் தொழிற்சாலையும் தள்ளிப்போடக் கூடாது.

அரசுப் பேருந்து ஓட்டுநரின் மகள், தென் மாவட்டம்

என் தந்தையின் வலது கால் பணியின்போது நேர்ந்த விபத்தில் நசுங்கியது. ஓட்டுநர் பணிக்குத் தகுதியில்லை என்று மருத்துவக் குழு சான்று கொடுத்தவுடன், "இத்தனை ஆண்டு உழைத்துவிட்டீர்கள், பணப்பயன்களை வாங்கிக்கொண்டு வீட்டில் ஓய்வெடுங்கள்" என்று அலுவலகத்தில் அன்பாகத்தான் சொன்னார்கள். கையெழுத்திட வேண்டிய தாளையும் வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். தொழிற்சங்கத்தைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் மட்டும் கையெழுத்திட வேண்டாம் என்று தடுத்தார்.

பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவரை அரசு நிறுவனம் வேலையைவிட்டு நீக்கவோ பதவியில் இறக்கவோ கூடாது என்று 2016 சட்டத்தின் 20-ஆம் பிரிவு கூறுகிறது. பழைய வேலையைச் செய்ய இயலாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படியொரு பணியிடம் இல்லையென்றால், அது கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். அதற்கு முன்பிருந்த 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலேயே இந்தப் பாதுகாப்பு இருந்தது. காலை இழந்த காவலர் குணால் சிங்கின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-இல் அதை உறுதிப்படுத்தியது. இவற்றைக் குறிப்பிட்டு மனுக் கொடுத்து, அது அசையாமல் கிடந்ததால் நீதிமன்றம் சென்ற பிறகே அப்பாவுக்குப் பணிமனையில் நேரக்காப்பாளர் பிரிவில் இடம் கிடைத்தது.

எந்த வழித்தடத்தில் எந்த நேரம் நெரிசல், யாரை இரவுப் பணிக்கு அனுப்பலாம், யாருக்கு அன்று ஓய்வு தேவை என்பதெல்லாம் ஸ்டியரிங் பிடித்தவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? வீட்டிலிருந்த மாதங்களில் ஒரு வார்த்தை பேசாதவர், வேலைக்குப் போன முதல் வாரமே அட்டவணையில் உள்ள குறைகளை எங்களிடம் விவரிக்கத் தொடங்கினார். தயவுசெய்து, இந்த நிலையில் இருக்கும் எவரும் சட்டத்தைப் படிக்காமல் விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்திடாதீர்கள்.

மென்பொருள் நிறுவன ஊழியர், சென்னை

நான் சக்கர நாற்காலியில் அமர்ந்து பணிபுரிபவள். எங்கள் கட்டடத்தில் மின்தூக்கி உண்டு, சாய்தளமும் உண்டு. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது சாய்தளத்துக்கு உரிய அளவு. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அதில் பாதிகூட இல்லாததால் பின்னாலிருந்து ஒருவர் தள்ளாமல் ஏற முடியாது. கழிப்பறைக் கதவு நாற்காலி நுழையும் அகலத்தில் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்களையும் எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சிறுநீரகத் தொல்லை வந்ததையும் தெரியும்.

ஆனால் என்னை அதிகம் வருத்தியது அதுவன்று. வாடிக்கையாளரைச் சந்திக்கும் வெளியூர்ப் பணிகளுக்கு என் பெயரை எவரும் பரிந்துரைக்கவில்லை. "உங்களுக்குச் சிரமம் வேண்டாமென்றுதான்" என்று மேலாளர் கனிவோடு சொன்னார். அந்தச் சந்திப்புகளுக்குச் சென்று வந்தவர்களுக்கே பதவி உயர்வு கிடைத்தது. 20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட்டு, அதற்கென ஓர் அலுவலரையும் குறிப்பிட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த அலுவலர் யார் என்று மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். சிரமமா இல்லையா என்பதை என்னைக் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும் என்றும், நான் மறுத்தால் ஒழிய என் பெயரை நீக்கக் கூடாது என்றும் எழுத்தில் கேட்டேன். ஏற்றுக்கொண்டார்கள். முதல் பயணமாகப் பெங்களூரு சென்றேன். விடுதியின் குளியலறையை முன்கூட்டியே நிழற்படமாக வாங்கிப் பார்த்துவிட்டு அறை பதிவு செய்தோம்.

முதலில் எழுதிய ஐயாவிடம் ஒரு கேள்வி. பார்வையற்ற தோழி ஒருவர் எங்கள் பிரிவில் விரைவில் சேரவிருக்கிறார். அவர் வருவதற்கு முன்பே நாங்கள் செய்து வைக்க வேண்டியது என்ன?

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

அம்மா, இன்றே அவரைத் தொலைபேசியில் அழைத்து, எந்தத் திரைவாசிப்பு மென்பொருளில் பழகியவர் என்று கேளுங்கள். உங்கள் நிறுவனத்தின் வருகைப் பதிவு, விடுப்பு விண்ணப்பம், பணி ஒதுக்கீடு ஆகியவற்றுக்கான பக்கங்களைச் சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் இயக்கிப் பாருங்கள். எங்கே நீங்கள் தடைபடுகிறீர்களோ அங்கே அவரும் தடைபடுவார். படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் உள்நுழைவுப் பக்கம் இருந்தால், அதை மாற்றச் சொல்லி இப்போதே கேளுங்கள், ஏனெனில் அதற்குத்தான் நாள் பிடிக்கும். அவருக்கான முதல் வாரப் பணியையும் முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.