மறு: ‘ஃபாஸ்ட் லென்ஸ்’ தமிழில் – அகல்வாய் வில்லை

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

குறைந்த ஒளியிலும் படம் எடுக்க உதவுகிற, அகலமாகத் திறக்கிற கமரா லென்ஸைத்தான் ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்ட் லென்ஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் விரைவு வில்லை, கதி வில்லை, பேரொளி வில்லை என்று மூன்று சொற்கள் இங்கே வந்துவிட்டன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. 70–200 எஃப் 2.8 சூம் (குவியத்தூரம் 70 முதல் 200 மில்லிமீற்றர் வரை மாறுகிற லென்ஸ்; எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது) ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் கூத்து, தேர், கலியாணம் என்று படம் எடுத்துத் திரிகிறவள் நான். அந்த லென்ஸ் எனக்குச் சொல்லித் தந்ததை வைத்துத்தான் பேசுகிறேன். முதலில், ‘விரைவு வில்லை’யை முன்வைத்தவர் எழுதியது:

> ஓடுகிறதையும் பறக்கிறதையும் பிடிக்கிற லென்ஸ்தானே? ‘விரைவு வில்லை’ என்றால் யாருக்கும் விளங்கும்.

விளங்கும்தான், ஆனால் பிழையாக விளங்கும். அறுகம்பையில் அலைப் பருவத்தில் ஒரு நண்பகல் நின்று பாருங்கள். அலைமேல் சறுக்கி வருகிறவரைவிட வேகமாக அசைகிற ஆளை நம் கரையில் காண்பது கடினம். அந்த வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சரின் ஒளி உணர்திறன்) 400, எஃப் 8 என்று வைத்தாலே ஷட்டர் (ஒளியை உள்ளே விட்டு மூடுகிற திரை) 1/1600 செக்கன் கிடைத்துவிடும். சாதாரண 70–300 போதும், 2.8 தேவையே இல்லை. இனி ஒரு தேவாலயத்துக் கலியாணத்துக்கு வாருங்கள். மாப்பிள்ளை மோதிரம் போடும்போது ஒருவரும் ஓடவில்லை, ஒன்றும் பறக்கவில்லை. பீடத்துக்குக் கிட்டப் போக விடமாட்டார்கள், ஃபிளாஷ் அடிக்கவும் விடமாட்டார்கள். அங்கேதான் 2.8 இல்லாமல் வேலை நடக்காது. ஆக, விரைவு எடுக்கப்படுகிற ஆளிடமும் இல்லை, லென்ஸிடமும் இல்லை. லென்ஸ் அதிக ஒளியை விடுகிறது, அதனால் ஷட்டரை விரைவாக வைக்க முடிகிறது. ஷட்டரின் குணத்தை லென்ஸுக்குப் பெயராக வைப்பானேன்?

‘கதி வில்லை’க்கும் இதே மறுப்புத்தான். அதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. இலங்கைப் பாடநூலில் கதி ஒன்று, வேகம் வேறொன்று. வேகத்துக்குத் திசை உண்டு. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நாம் கதி என்பதை வேகம் என்கிறார்கள், நாம் வேகம் என்பதைத் திசைவேகம் என்கிறார்கள். இந்தக் குழுவில் இரண்டு கரைக்காரரும் இருக்கிறோம். அசையாத ஒரு பொருளுக்குப் பெயர் வைக்கப் போய் அந்தப் பழைய வழக்கை இங்கே இழுத்து வரவேண்டாம்.

‘பேரொளி’ கொஞ்சம் கிட்ட வருகிறது. ஆனால் அதைக் கேட்டவுடன் ஒளியைத் தானே வீசுகிற பொருள்தான் நினைவுக்கு வரும், டோர்ச் லைட்டுக்கு வைத்த பெயர் என்றே எண்ணத் தோன்றும். தவிர, 2.8 என்ற எண் ஒளியை நேரடியாக அளந்து வந்த எண் அல்ல. குவியத்தூரத்தை, முன்பக்கத்தால் பார்க்கும்போது தெரிகிற துவாரத்தின் விட்டத்தால் பிரித்தால் வருவது அது. கண்ணாடிகளுக்குள் எவ்வளவு ஒளி வீணாகிறது என்பது அந்தக் கணக்கில் இல்லை. அதனால்தான் சினிமாக்காரர் உண்மையில் உள்ளே போகிற ஒளியை அளந்து ‘டி’ எண் என்று தனியாக வைத்திருக்கிறார்கள்.

உங்களிடம் இந்த லென்ஸ் இருந்தால் ஒருதரம் செய்து பாருங்கள். 200 இல் வைத்து, முன்மூடியைக் கழற்றி, உள்ளே பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெரிய வட்டம் தெரியும். 200ஐ 2.8 ஆல் பிரித்தால் 71 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். அந்த வட்டத்தின் விட்டம் அதுதான். இந்த வகை லென்ஸ் பலவற்றுக்கு 77 மில்லிமீற்றர் ஃபில்டர் வாங்க வேண்டியிருப்பதும் இதனால்தான். எஃப் 5.6 க்கு இறக்கினால் தகடுகள் உள்ளே வந்து வட்டம் 36 மில்லிமீற்றருக்குச் சுருங்கும். விட்டம் பாதி, பரப்பு காற்பங்கு, ஒளியும் காற்பங்கு.

மாரியில் வாவி நிரம்பிக் கரையூர்கள் தாழும்போது முகத்துவாரத்தை வெட்டி விடுகிறார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் அகலமாக வெட்டுப்பட்டால் வெள்ளம் சீக்கிரம் வடியும். சீக்கிரம் என்பது விளைவு, அகலம் என்பது காரணம். பெயர் காரணத்துக்கு வைக்கப்பட வேண்டும். ஆகவே என் முன்மொழிவு: அகல்வாய் வில்லை.

காரணத்தைப் பிடித்தால் மற்ற எல்லாம் பின்னால் தானாக வரும். ஏன் இந்த லென்ஸ் பாரம்? வாய் அகலம், அதற்குத் தக்க பெரிய கண்ணாடிகள் வேண்டும். எஸ்எல்ஆர் (உள்ளே ஆடி வைத்த) கமராக் காலத்து 70–200 எஃப் 2.8 ஒன்றரைக் கிலோ அளவில் இருக்கும், புதிய மிரர்லெஸ் (அந்த ஆடி இல்லாத) கமராக்களுக்கு வந்தவை சில ஒரு கிலோவை ஒட்டி இறங்கியிருக்கின்றன. ஏன் விலை கூட? அதே காரணம். ஏன் பின்னணி கரைகிறது? அதுவும் அதே. ‘விரைவு’ என்ற பெயர் இவற்றில் ஒன்றையும் சொல்லித் தராது.

இதையெல்லாம் கூத்துக் களரியில் வைத்துச் சொல்கிறேன். வட்டக்களரியைச் சுற்றிச் சனம். நடுவில் மத்தளத்தோடு கூத்தை ஆட்டுவிக்கிற அண்ணாவியார், பக்கத்தில் சல்லரித் தாளம். கரப்புடுப்போடு (வட்டமாக விரிகிற கூத்து உடை) வரவு (களரிக்கு வரும் முதல் ஆட்டம்) ஆடி வருகிற அரசன் ஒரு நேரம் கிட்ட நிற்பான், தாளம் மாறிச் சுழன்றால் களரியின் மறுபக்கத்தில் நிற்பான். சனத்துக்குள்ளே எழும்பி நடக்க முடியாது, சூம் வளையத்தைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பத்தில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 6400, எஃப் 2.8 என்றால் 1/250 செக்கன் வரும். அதே இடத்தில் 5.6 வரைதான் திறக்கிற லென்ஸ் என்றால் 1/60 தான். சலங்கை கட்டிய கால் படத்தில் வெறும் இழுப்பாகிவிடும். லென்ஸுக்குள் இருக்கிற அதிர்வுத் தடுப்பு இங்கே உதவாது. அது என் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், ஆடுகிறவரின் காலைப் பிடிக்காது.

ஆனால் வாயைத் திறந்ததற்கு ஒரு விலை உண்டு. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சர்) கமராவில் 200 இல், எஃப் 2.8 இல், ஐந்து மீற்றரில் நிற்கிறவரைக் குவித்தால் தெளிவாக இருக்கிற ஆழம் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர்தான். கண்ணில் குவித்தால் மூக்கும் கன்னமும் தெளிவாக வரும், காதுப்பக்கம் இளகத் தொடங்கும், நீட்டிய வாளின் நுனி கரைந்தே போகும். அந்த முகம் மட்டும் இருட்டிலிருந்து வெளியே வருவது எனக்கு உயிர். ஆனால் அரசனையும் மந்திரியையும் ஒரே படத்தில் தெளிவாகக் கேட்டால் வாயைச் சுருக்கியே ஆகவேண்டும்.

‘சுருக்கு’ என்று நான் எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். வாய் என்று வைத்தால் வினைச்சொற்கள் கூடவே வந்துவிடுகின்றன: வாயைத் திற, சுருக்கு, ஒரு படி சுருக்கு. 1.4, 2, 2.8, 4, 5.6, 8 என்று போகிற வரிசையில் ஒவ்வொன்றும் ஒரு படி. ஒரு படிக்கு ஒளி பாதி. எஃப் எண்ணை வாயெண் என்று சொல்லலாம். 70 இலும் 200 இலும் அதே 2.8 ஐத் தருகிற சூம் நிலைவாய்ச் சூம். 70–300 எஃப் 4.5–5.6 என்று போட்டிருப்பது மாறுவாய்ச் சூம்.

‘டெலிஃபோட்டோ’வுக்கு நெடுங்குவிய வில்லை போதும். ஒளியியலில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இறுக்கமான பொருள் ஒன்று உண்டு: பின்னால் ஒரு குழிவுத் தொகுதியை வைத்து, குவியத்தூரத்தைவிடக் குட்டையாகச் செய்த லென்ஸ். நம் 70–200 ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் நீளம். கமராவுக்குள் சென்சர் வரையுள்ள தூரத்தையும் கூட்டினால் 200 மில்லிமீற்றரைத் தாண்டும். இறுக்கமாகப் பார்த்தால் அது டெலிஃபோட்டோவே அல்ல, ஆனால் நெடுங்குவியம் என்பதில் ஐயமில்லை. பாண்டிருப்புத் தீப்பள்ளயத்தில் (தீமிதிப்பு விழாவில்) தீக்குழிக்குக் கிட்டப் போகாமல் நின்று எடுக்கிறவருக்கு வேண்டியதும் நெடிய குவியம்தான்.

சூமைச் சூமாகவே விடுவோம். ஸ்ரூடியோவில் வேலை பழகுகிற பெடியன் முதல் கலியாண வீட்டு அம்மம்மா வரை அந்தச் சொல் வாயில் வந்துவிட்டது. முழுப் பெயர்: அகல்வாய் நெடுங்குவியச் சூம்.

— மட்டக்களப்பிலிருந்து

*

அக்கா, வணக்கம். கல்முனையிலிருந்து எழுதுகிறேன், விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்.

1936 இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் எங்களுக்குப் பக்கத்துக் காரைதீவில் பிறந்தவர். அதன் பிறகு இங்கே பாடநூல்களுக்கு என்று எத்தனையோ சொற்கள் ஆக்கப்பட்டு, வில்லை, குவியத்தூரம், துவாரம் என்று பிள்ளைகள் வாயில் படிந்துவிட்டன. துவாரம் கையில் இருக்க வாய் எதற்கு? ‘பெருந்துவார வில்லை’ என்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு உடனே விளங்கும். நீங்களே முகத்துவாரம் என்றுதானே எழுதினீர்கள்? ‘வாய்’ என்றால் வகுப்பில் பின் வாங்கில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

*

காத்தான்குடியிலிருந்து. தங்கச்சி எழுதினது நல்லா இருக்கு, நிலைவாய் எனக்குப் புடிச்ச சொல். கடைக்கு வாறவங்களுக்கு அந்த வித்தியாசத்த விளங்கப்படுத்தத்தான் பாடு. ஒரு கேள்வி. இதே லென்ஸுக்குப் பின்னால டபிளர் (குவியத்தூரத்த இரட்டிக்கிற துணை லென்ஸ்) போட்டா 400 ஆகும், ஆனா எஃப் 5.6 ஆகிரும். வாய் அதே வாய்தானே, 71 மில்லிமீற்றர் அப்படியே இருக்கு. மறுகா ஏன் அத அகல்வாய் எண்டு சொல்ல ஏலாது? 50 எம்எம் 1.8 லென்ஸப் பாருங்க, வாய் 28 மில்லிமீற்றர்தான். அத எல்லாரும் ஃபாஸ்ட் எண்டுதான் சொல்றாங்க. 600 எஃப் 6.3 க்கு வாய் 95. அத ஒருத்தரும் ஃபாஸ்ட் எண்டு சொல்றதில்ல.

*

நானா, இந்த விவாதத்துக்கு வேண்டிய கேள்வி இதுதான். நன்றி.

அகலம் தனியே நின்று பொருள் தராது. எந்த நீளத்துக்கு அகலம் என்பதுதான் கணக்கு. 28 மில்லிமீற்றர் வாய் 50 க்கு அகலம், 400 க்கு ஒடுக்கம். டபிளர் போட்டால் வாய் மாறாது, குவியத்தூரம் இரட்டிக்கும், வாயெண் 2.8 இலிருந்து 5.6 ஆகும்; அகல்வாய் வில்லை அப்போது அகல்வாய் அல்லாததாகிவிடும். இதைச் சொல் தனியாகச் சுமக்க முடியாது, வரையறை சுமக்கட்டும். ‘விரைவு’ என்று வைத்தாலும் எதோடு ஒப்பிட்டு விரைவு என்ற கேள்வி இருக்கத்தான் செய்யும்.

சேர், துவாரத்தை நான் தள்ளவில்லை. பாடநூலில் அது இருக்கிற இடத்தில் அப்படியே இருக்கட்டும். ஆனால் துவாரம் என்றவுடன் துளைத்துவிட்ட, அளவு மாறாத ஓட்டைதான் மனதில் வருகிறது: ஊசித்துவாரம், மூக்குத்துவாரம். லென்ஸுக்குள் இருப்பது திறந்து மூடுவது. முகத்துவாரமும் மணல் மூடி மூடித் திறக்கிற இடம் என்பதால்தான் அதை வாயாக எடுத்தேன். ‘துவாரத்தை இரண்டு படி சுருக்கு’ என்று களரியில் ஒருவரும் சத்தம் போடமாட்டார்கள். ‘வாயை இரண்டு படி சுருக்கு’ என்றால் பழகுகிற பெடியனுக்குச் சட்டென்று கை போகும். கிணற்றுவாய், குடத்துவாய், வாய்க்கால் எல்லாம் சொல்கிறோம், ஒருவரும் சிரிப்பதில்லை. பின் வாங்கில் இருக்கிறவர்கள் ஒரு பாடவேளை சிரித்துவிட்டு மறக்கமாட்டார்கள் என்றால் அதுவும் நல்லதே.

இரண்டு சொல்லையும் ஒரு பதிவிலேயே வைக்கலாம். இப்படித் திருத்தியிருக்கிறேன்:

அகல்வாய் வில்லை: தன் குவியத்தூரத்தோடு ஒப்பிடத் துவாரம் பெரிதாகத் திறக்கிற வில்லை. சூம் வில்லைகளில் பொதுவாக வாயெண் 2.8 உம் அதற்குக் கீழும். குறைந்த ஒளியிலும் விரைவான ஷட்டருக்கு இடம் தரும். தெளிவின் ஆழம் குறையும்.

சேர், ‘தெளிவின் ஆழம்’ என்பதற்குப் பாடநூலில் வேறு சொல் இருந்தால் தாருங்கள். நானா, உங்கள் கடையில் வருகிறவர்களிடம் நிலைவாய், மாறுவாய் இரண்டையும் சொல்லிப் பார்த்து, எது நாவில் நிற்கிறது என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு பட்டியலில் ஏற்றுவோம்.