மறு: கவ்வியதை விடும் பயிற்சிக்குத் தமிழில் என்ன சொல்? – ‘பிடிவிடல்’ என் முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். வாயில் கவ்வியதைச் சொன்னதும் விட நாய்க்குட்டியைப் பழக்குகிறோமே, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. என் முன்மொழிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயிற்சியின் பெயர் ‘பிடிவிடல்’. வினையாக வரும்போது ‘பிடிவிடு’. ‘குட்டி பிடிவிட்டது’, ‘பிடிவிடப் பழக்குங்கள்’ என்று எழுதலாம். குட்டியைப் பார்த்து நாம் உரக்கச் சொல்லும் ஏவற்சொல் வேறு விஷயம், அதைப் பிறகு பார்ப்போம். கலைச்சொல்லையும் ஏவற்சொல்லையும் ஒன்றாகப் போட்டுப் பேசியதால்தான் விவாதம் சுற்றிச் சுற்றி வந்தது என்று நினைக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பின்னணி இதுதான். சிங்கப்பூரில் ஞாயிறுதோறும் நடக்கும் ஒரு நாய்ப் பயிற்சி வகுப்புக்குத் தமிழில் துண்டறிக்கை எழுதித் தருகிறேன். வருகிறவர்களில் ஜெர்மன் ஷெப்பர்ட், பெல்ஜியன் மலினுவா வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் இந்த இனங்களுக்கு அனுமதி இல்லை என்பதால் எல்லாரும் தரைவீட்டுக்காரர்கள். விலங்குநல மருத்துவச் சேவையின் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இந்த நாய்கள் இருக்கின்றன. வெளியே கூட்டிப்போனால் வாய்ப்பூட்டும் கயிறும் கட்டாயம். ஆகவே பயிற்சியை யாரும் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்வதில்லை. வகுப்பு நடப்பது ஆங்கிலத்தில். ஆனால் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனபின் பகல் முழுக்கக் குட்டியோடு இருப்பவர் பாட்டியோ தாத்தாவோதான். அவர்கள் கையில் தமிழில் ஒரு தாள் இருக்க வேண்டும். கவ்வியதை விடச் சொல்லும் ஆங்கில ஏவற்சொல்லை அப்படியே வைத்து, ‘அவுட்’ பழக்குவது எப்படி என்று அதற்குத் தலைப்புப் போட எனக்கு மனமில்லை.

சரி, சொல்லுக்கு முன் செயலைப் பார்ப்போம்.

வேலைக்கென்றே தேர்ந்து வளர்த்த இனங்களுக்குக் கவ்வுவதே இன்பம். 1899இல் ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்துக்குச் சங்கம் தொடங்கிய மேக்ஸ் வான் ஸ்டெஃபானிட்ஸ், அழகைவிட வேலைத்திறன்தான் பெரிது என்று வற்புறுத்தியவர். அந்தத் தேர்வின் விளைவை இன்றைய குட்டியின் வாயில் பார்க்கலாம். சணல் துணியில் தைத்த இழுவைப் பொம்மையை நீட்டினால் நல்ல குட்டி முன்பல்லால் கிள்ளாது, கடைவாய்வரை வாங்கி அமுக்கிக்கொள்ளும். நாம் இழுக்க இழுக்க அதற்குக் கொண்டாட்டம். இரை துள்ளுகிறது என்றே அதன் உடம்பு எடுத்துக்கொள்ளும். ஆகவே பிடுங்கப் பிடுங்கப் பிடி இறுகும். தாடைக்குள் விரலைவிட்டு நெம்பினாலோ கதை இன்னும் மோசம்: மனிதக் கை பக்கத்தில் வந்தாலே பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓடவும், பிறகு உறுமவும் கற்றுக்கொள்ளும்.

வகுப்பில் சொல்லித் தரும் வழி இதற்கு நேர்மாறானது. பொம்மையைத் தொடையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். கையில் துடிப்பு கூடாது, வாயில் பேச்சு கூடாது. பொம்மைக்கு உயிர் போய்விடுகிறது. சிலேத்தார் பக்கம் ஒரு வீட்டில், கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பாட்டி இதைச் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குட்டி தலையை உலுக்கியது, பின்னங்கால்களை ஊன்றி இழுத்தது. பாட்டியின் முழங்கால் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. மூக்கு வழியாக வந்துகொண்டிருந்த உறுமலும் அடங்கியது. காதுகள் பின்னால் மடிந்து மறுபடி நிமிர்ந்தன. கீழ்த்தாடை ஒரு நூலளவு தளர்ந்து, நாக்கின் நுனி பொம்மைக்கு அடியில் தெரிந்தது. அப்புறம் வாய் திறந்தது. திறந்த அதே நொடியில் பாட்டி ‘சபாஷ்’ என்று சொல்லிப் பொம்மையை மறுபடி துள்ளவிட்டார்.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது அந்தக் கடைசிச் செயல். விட்டதற்குப் பரிசு, மறுபடி பிடிக்கக் கிடைப்பது. விட்டவுடன் ஆட்டம் முடிந்து பொம்மை அலமாரிக்குப் போய்விடும் என்று தெரிந்துகொண்ட குட்டி அடுத்த முறை விடாது. ஏவற்சொல்கூடப் பிறகுதான் வருகிறது. அசையாமல் நின்றால் குட்டி விடும் என்பது உறுதியான பின், வாய் திறக்கப் போகிறது என்று தெரியும் கணத்துக்குச் சற்று முன்னால் சொல்லைச் சொல்லிப் பொருத்த வேண்டும். ஒரே மாதிரி இரண்டு பொம்மைகளை வைத்துக்கொண்டு, ஒன்றைச் சாகவிட்டு மற்றதை ஆட்டுவதும் உண்டு. தின்பண்டம் காட்டி மாற்றிக்கொள்வதும் உண்டு. ஆனால் விளையாட்டு வெறி ஏறிய மலினுவாவுக்குக் கோழித்துண்டை மூக்கருகே நீட்டினாலும் பல நேரம் அது கண்ணில் படாது.

ஆக, இந்தப் பயிற்சியில் செய்பவர் குட்டி. வாயைத் திறப்பது அது, முடிவெடுப்பதும் அது. நாம் வைக்கும் சொல்லில் இது தெரிய வேண்டும் என்பதுதான் என் வாதம். மற்றப் பரிந்துரைகளை இந்த ஒரு உரைகல்லில்தான் உரசிப் பார்த்தேன்.

> ‘தரல்’ அல்லது ‘கொடுத்தல்’ போதுமே. தொல்காப்பியமே ஈ, தா, கொடு என்று வகுத்திருக்கிறதே.

மதுரை ஐயாவின் இந்தக் குறிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. இழிந்தோன் ‘ஈ’ என்பான், ஒப்போன் ‘தா’ என்பான், உயர்ந்தோன் ‘கொடு’ என்பான் என்பது சொல்லதிகாரம் சொல்லும் வேறுபாடு. ஆனால் ஐயா, அந்த மூன்றையும் தொல்காப்பியர் ‘இரவின் கிளவி’, அதாவது இரந்து கேட்கும் சொல், என்றுதானே சொல்கிறார்? கேட்பவன் பக்கத்திலிருந்து பிறக்கும் சொற்கள் அவை. பெறுவதற்கு ஒரு கை நீண்டிருக்க வேண்டும். இந்தப் பயிற்சியில் நாம் பொம்மையை வாங்கிக்கொள்வதே இல்லை. அது முதலிலிருந்தே நம் கையில்தான் இருக்கிறது. எறிந்த பொருளை எடுத்துவந்து கையில் ஒப்படைக்கப் பழக்குவது வேறு பயிற்சி, ‘தரல்’ அதற்கு அருமையாகப் பொருந்தும். அதற்கென்று எடுத்து வைத்துக்கொள்வோம்.

> ‘விடுவிப்பு’ – ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல்.

பினாங்கு அண்ணாவுக்கு: இலக்கணத்திலேயே சிக்கல் இருக்கிறது. விடுதல் தன்வினை, விடுவித்தல் பிறவினை. ‘பிடி விடுவித்தல்’ என்றால் பிடியை யாரோ வெளியிலிருந்து கழற்றுகிறார்கள் என்று பொருள். தாடையை நெம்புவது அதுதான். ஆகவே அந்தச் சொல்லை நான் தள்ளவில்லை. துண்டறிக்கையில் ‘செய்யக் கூடாதவை’ பகுதியில் அதைப் பயன்படுத்துவேன். பிடிவிடல் பயிற்சி, பிடிவிடுவித்தல் பலவந்தம். ஒரு ‘வி’ இருப்பதும் இல்லாததும் முறையின் சாரத்தையே பிரித்துக் காட்டுகிறது. இதை உரிய சொற்களாலேயே காட்ட முடிவது தமிழுக்கு வாய்த்த வசதி, அதை நாம் விட்டுவிடக் கூடாது.

‘வாய்விடல்’ ஒலிக்க அழகாக இருக்கிறது. ஆனால் வாய்விட்டுச் சிரிக்கிறோம், வாய்விட்டு அழுகிறோம். ‘நாய் வாய்விட்டது’ என்று படிப்பவர் அது குரைத்தது என்றே எடுத்துக்கொள்வார். ‘கைவிடல்’ வேண்டவே வேண்டாம். இங்கே செய்தித்தாளில் ‘கைவிடப்பட்ட நாய்கள்’ என்று வந்தால், உரிமையாளர்கள் அனாதையாக விட்டுப்போன பிராணிகள் என்று பொருள், சட்டப்படி அது குற்றம். ‘கவ்வுநீக்கம்’ தவறில்லை, ஆனால் மருத்துவமனை வாசனை அடிக்கிறது.

‘பிடிவிடல்’ எனக்கு ஏன் பொருத்தமாகப் படுகிறது என்றால், ‘விடாப்பிடி’ என்ற சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. இந்த இனங்களின் இயல்பைத் தமிழில் ஒரே சொல்லில் எழுதச் சொன்னால் விடாப்பிடி என்றுதான் எழுதுவேன். பயிற்றுநர்கள் அந்த இயல்பை அழிக்க விரும்புவதில்லை, அதைப் போற்றுகிறார்கள். முழு வாயால், பதறாமல் பிடிக்கும் பிடிதான் நல்ல பிடி. அந்த விடாப்பிடிக்காரக் குட்டி தானாக விடுவதுதான் பிடிவிடல். படிக்கும் பாட்டிக்கு விளக்கம் தேவைப்படாது.

இனி ஏவற்சொல். ஜெர்மன்காரர்கள் ‘அவுஸ்’ என்கிறார்கள், வெளியே என்று பொருள். டச்சுக்காரர்களின் ‘லோஸ்’ கட்டு அவிழ்ந்த நிலையைச் சொல்கிறது. தமிழில் வினைப்பகுதியே ஏவலாக நிற்கும் என்பதால் விடு, தா, போடு என்று குறுஞ்சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. பலரும் ‘விடு’ என்றே எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் பெரிய தயக்கம் உண்டு. ஒரு தமிழ் வீட்டில் ஒரு மணிநேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். ‘சரி விடு’, ‘அவனை விடு’, ‘போனால் போகட்டும் விடு’, ‘ஃபேனைப் போட்டு விடு’. இத்தனை விடுவும் குட்டியின் காதிலும் விழுகின்றன, எதற்கும் அது ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பொருளற்றுக் காதில் விழுந்துகொண்டே இருக்கும் ஒலிக்கு நாய் பதில் சொல்வதை நிறுத்திவிடும். ‘போடு’வுக்கும் இதே கதி. ‘சாப்பாடு போடு’ என்பதைவிட அதிகம் ஒலிக்கும் வாக்கியம் எந்த வீட்டில் இருக்கிறது? ‘தா’ குறுகியது, ஆனால் வாடா, போடா என்று நாள் முழுக்கக் கூப்பிடும் வீட்டில் அந்த ‘டா’வோடு மோதும்.

யீஷூன் அக்கா சொன்ன ‘துப்பு’ அசல் தாய்மார் வழக்கு. குழந்தை வாயில் எதைப் போட்டாலும் நம் வாயில் வருவது அதுதான். ஆனால் அந்தச் சொல் எப்போதும் பதற்றத்தோடுதான் வருகிறது. காப்பிக்கடை ஓரம் கிடந்த கோழி எலும்பைக் குட்டி கவ்விவிட்டால் அந்தக் குரல் தேவைப்படலாம். தினமும் விளையாடும் ஆட்டத்துக்கு அமைதியான சொல் வேண்டும். சிலேத்தார் வீட்டில் பாட்டியே தேர்ந்தெடுத்தது ‘உதிர்’. மூன்றே எழுத்து, கடைசியில் ரகரம் நின்று ஒலிக்கிறது, நாயோடு பேசும்போது தவிர அந்த வீட்டில் யாரும் அப்படி ஏவுவதில்லை. எனக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் துண்டறிக்கையில் எந்தச் சொல்லையும் கட்டாயமாக்க மாட்டேன். வீட்டுப் பேச்சில் புழங்காத ஒரு குறுஞ்சொல்லைத் தேர்ந்தெடுங்கள், வீட்டில் எல்லாரும் அதையே சொல்லுங்கள் என்று மட்டும் எழுதுவேன். பணிப்பெண் ‘டிராப்’ என்றும் பேரன் ‘கிவ்’ என்றும் தாத்தா ‘விடுறா’ என்றும் சொன்னால் குட்டிக்கு மூன்றும் வெறும் சத்தம்.

கீழே கிடப்பதை வாயில் எடுக்காமல் இருக்கப் பழக்குவதற்கும் இதே சொல்லைப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. ஒன்று வாயில் இருப்பதை விடுவது, மற்றது வாயில் எடுக்காமலே இருப்பது. அதற்கு முன்மொழியப்பட்ட ‘தீண்டாமை’யை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்தச் சொல் சுமக்கும் கொடுமைக்கு முன் நாய்ப் பயிற்சிக் கையேட்டில் அதைப் போட யாருக்கும் உரிமை இல்லை. ‘வாய் வைக்காதே’ என்று வீட்டில் சொல்கிறோமே, அதிலிருந்து ‘வாய்வையாமை’ வரலாம். தனி இழையில் பேசலாம்.

சிப்பிப்பாறை, கோம்பை, ராஜபாளையம் வளர்ப்பவர்களிடம், வேட்டைக்குப் போன பெரியவர்களிடம், கவ்வியதை நாய் விடுவதற்கு ஒரு வழங்குசொல் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் ‘பிடிவிடல்’லை உடனே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், வாழும் சொல்லுக்குத்தான் முதல் உரிமை.

அதுவரை, துண்டறிக்கையில் சொல் எப்படி உட்காருகிறது என்று பார்க்க ஒரு பத்தி:

“பிடிவிடல் பழக்கும்போது பொம்மையைப் பிடுங்காதீர்கள். தொடையோடு சேர்த்து வைத்து அசையாமல் இருங்கள். குட்டி தானாகப் பிடிவிட்டதும் பாராட்டி, உடனே மறுபடி கவ்வக் கொடுங்கள். ஏறத்தாழ நான்கு மாதத்திலிருந்து ஆறேழு மாதம்வரை பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும். அப்போது ஈறு வலிக்கும். மென்மையான பொம்மையாகப் பார்த்து, இழுப்பைக் குறைத்து, சிறிது நேரமே விளையாடுங்கள். வெயிலில் வேண்டாம், காலையிலோ பொழுது சாய்ந்தோ பழக்குங்கள். தாடையை நெம்பிப் பிடிவிடுவிக்கக் கூடாது.”

கடைசி வாக்கியத்தில் ‘பிடிவிடுவிக்க’ நாக்கில் தடுக்குகிறதா, அல்லது ‘பிடியை விடுவிக்க’ என்று பிரித்து எழுதலாமா? அச்சுக்குப் போகும் முன் உங்கள் கருத்து வேண்டும்.

அன்புடன்,
சிராங்கூனிலிருந்து