டிஸார்த்ரியா: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புடையீர்,
பக்கவாதம் வந்தவர்களின் வீட்டாருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'அஃபேசியா'வைப் பேச்சிழப்பு என்று எழுதிவிட்டேன். பேச்சுத் தசைகள் சரியாக இயங்காமல் பேச்சு தெளிவிழக்கும் 'டிஸார்த்ரியா'வில் நிற்கிறேன். 'நாத்தளர்ச்சி' பொருந்துமா?
– மொழிபெயர்ப்பாளர்

ஐயா, இரண்டும் பொருந்தாது. அஃபேசியாவில் மூளைப் பாதிப்பால் மொழியே கெடும்; பேச்சு மட்டுமல்ல, வாசிப்பும் எழுத்தும்கூட. 'மொழியிழப்பு' என்று மாற்றுங்கள். டிஸார்த்ரியாக்காரருக்குச் சொல் தெரியும், வாக்கியம் அமையும். தசைதான் சொன்னபடி கேட்காது. அதுவும் எப்போதும் தளர்ச்சி அல்ல. 1969இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையின் டார்லி, ஆரன்சன், பிரௌன் மூவரும் வகை பிரித்தபோது தளர்ந்தது ஒன்று, இறுகியது ஒன்று, தடுமாறுவது ஒன்று என்று தனித்தனியாகவே வைத்தார்கள். நாக்கோடும் நிற்பதில்லை. பார்க்கின்சன் நோயில் குரலே தேய்ந்துபோகும். வாரம் நான்கு நாள் வீதம் நான்கு வாரம் உரக்கப் பேசவைத்துப் பழக்குகிறோம். என்னிடம் வருகிற வீட்டார் சொல்வதெல்லாம் 'பேச்சு குழறுகிறது' என்பதுதான்.
– பேச்சுப் பயிற்சியாளர்

மூச்சிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைத் தொல்காப்பியர், எழுத்தொலிகள் பிறக்கும் விதம் சொல்லும் பிறப்பியலில் என்றோ சொல்லிவிட்டார்: 'உந்தி முதலா முந்துவளி தோன்றி'. பிறகுதான் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம். கிரேக்கத்தில் 'ஆர்த்ரான்' என்றால் மூட்டு. ஒலியை மூட்டு மூட்டாகப் பிரித்து இயக்குவதே ஒலிப்பு. நம் மரபில் அது எழுத்தின் பிறப்பு. ஆகவே 'பிறப்புப்பிறழ்வு'. குழறலை விடுங்கள், அது குழறலா குளறலா என்பதே தீராத வழக்கு. குளறுபடியும் அங்கிருந்து வந்ததுதானோ என்று...
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

புலவர் ஐயா, அறுபது வயதில் வந்ததைப் பிறவிக் குறை ஆக்கிவிடாதீர்கள்!
– பேச்சுப் பயிற்சியாளர்

என் தந்தைக்குச் சிறுமூளைப் பாதிப்பு, பேச்சு தடுமாறும். பஸ்ஸில் அவர் டிக்கெட் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், குடித்திருக்கிறார் என்று. 'குழறல்' குடிகாரர் பேச்சுக்கும் வழங்கும் சொல். கையேட்டிலும் அதுவேயா? 'ஒலிப்புக் கோளாறு' போதுமே.
– மதுரைக்காரி

அம்மா சொல்வது நியாயம். ஆனால் 'ஒலிப்புக் கோளாறு' என்றால் வானொலிப் பெட்டி பழுதானதுபோல் இருக்கிறதே.
– தமிழாசிரியர்

குழுவில் கருத்துச் சொன்னவர்களில் நால்வர் குழறல் பக்கம், இருவர் எதிர்ப்பக்கம். 'பேச்சுக் குழறல் (டிஸார்த்ரியா)' என்று எழுதி, 'இது போதையால் வருவதல்ல' என்ற வரியையும் சேர்த்து அனுப்பிவிட்டேன்.
– மொழிபெயர்ப்பாளர்

வரி நல்லது. அப்படி ஒரு வரி தேவைப்படுகிற சொல்லை ஏன் தேர்ந்தீர்கள் என்றுதான் கேட்கிறேன்.
– மதுரைக்காரி

அடுத்த பதிப்பில் பார்ப்போம் அம்மா. ஒன்பதாம் பக்கத்தில் 'அப்ராக்சியா' (தசையில் வலு இருந்தும் நினைத்த அசைவைச் செய்ய முடியாமை) காத்திருக்கிறது. அதற்குத் தனி மடல் போடுகிறேன். புலவர் ஐயா, பிறப்பியல் வேண்டாம்.
– மொழிபெயர்ப்பாளர்