டிராக்: இழுவை வேண்டாம், வளித்தடை போதும்

வணக்கம். புவியைச் சுற்றும் செயற்கைக்கோளை மேல் வளிமண்டலத்தின் மெல்லிய காற்று தடுக்கும் விசைதான் டிராக் (drag). அதற்குத் தமிழில் 'வளிமண்டல இழுவை', 'காற்று உராய்வு', 'வேகமட்டு விசை', 'வளித்தடை' என்று சொற்கள் பேச்சில் உள்ளன. இவற்றில் 'வளிமண்டல இழுவை' என்றே வைத்துக்கொள்ளலாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பாடநூலில் கயிற்றில் வருவது இழுவிசை (tension), நீர்ப்பரப்பில் இருப்பது பரப்பு இழுவிசை. பக்கத்திலேயே இன்னொரு இழுவையைக் கொண்டுபோய் வைத்தால் படிக்கிற பிள்ளைகள் பாவம். அதோடு, அங்கே யாரும் எதையும் இழுக்கவில்லை. செயற்கைக்கோள்தான் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்துபோய் வழியில் கிடக்கும் அணுக்கள் மேல் மோதுகிறது, ஒவ்வொரு மோதலிலும் துளி உந்தத்தை இழக்கிறது.

'காற்று உராய்வு' செய்தித்தாள்களுக்குப் பழகிய சொல்தான். ஆனால் 400 கி.மீ. உயரத்தில் ஓர் அணு இன்னோர் அணுவைச் சந்திப்பதற்குள் கிலோமீட்டர் கணக்கில் போய்விடும். உரசிக்கொண்டு ஓடுவதற்கு அங்கே காற்றோட்டம் என்று ஒன்றே இல்லை.

'வேகமட்டு விசை' கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இருப்பதிலேயே ஆபத்தான சொல் அதுதான். செயற்கைக்கோள் ஆற்றலை இழந்து கீழே இறங்க இறங்க அதன் வேகம் கூடுகிறது! 400 கி.மீ. உயரத்தில் நொடிக்கு 7.67 கி.மீ., 200 கி.மீ. உயரத்தில் 7.78. இழந்த நிலை ஆற்றலில் பாதி இயக்க ஆற்றலாகத் திரும்பி வந்துவிடுகிறது, மீதிப் பாதிதான் வெப்பமாகப் போகிறது. இதைப் பெயரிலேயே தலைகீழாகச் சொல்லிவைத்தால் அப்புறம் யார் திருத்துவது?

என் வாக்கு 'வளித்தடை'க்கு. வளித்தடைக் குணகம் (drag coefficient), வளித்தடைப் பாய் (drag sail) என்று கூட்டுச்சொல் கட்டலாம், முன்னால் வளி இருப்பதால் மின்தடையோடும் குழம்பாது. வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: "2022 பிப்ரவரியில் புவிக்காந்தப் புயலால் மேல் வளிமண்டலம் சூடாகி விரிந்து வளித்தடை கூடியதால், அப்போதுதான் சுமார் 210 கி.மீ. உயரத்தில் விடப்பட்ட 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை விழுந்து எரிந்தன." இன்னொன்று: "பிஎஸ்எல்வி-சி58 ராக்கெட்டின் கடைசிக் கட்டம் வளித்தடையால் சீக்கிரம் விழட்டும் என்று இஸ்ரோ அதை 650 கி.மீ.யிலிருந்து 350க்கு இறக்கியது. 2024 மார்ச்சில் அது விழுந்தது." எங்கும் இடறவில்லை.

சரி, அடுத்த சிக்கல். பன்னாட்டு விண்வெளி நிலையம் வளித்தடையால் மாதத்துக்குச் சுமார் 2 கி.மீ. இறங்குகிறது, அவ்வப்போது மேலே தூக்கிவிடுகிறார்கள். அந்த ரீபூஸ்ட்டுக்கு 'மேலுந்தல்' சரிப்படுமா? 'உயர்த்தல்' எனக்குப் போதவில்லை, அதில் எஞ்சின் இயங்குவதே தெரியவில்லை.