சி உட்பிரிவும் எதிர்ப்பொருள் சோதனையும்

காட்பாடி மாணவி: 1986-இல் சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோதே இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதலில் தெரியவந்தது. இங்கே மிகுதியாகப் பரவியிருப்பது அந்த வைரஸின் மரபணு வகைகளுள் ஒன்றான சி உட்பிரிவு. பி உட்பிரிவைக் கொண்டு உருவாக்கிய தொடக்ககாலச் சோதனைகள் அதை எவ்வாறு கண்டுகொண்டன, ஐயா?

ஆற்காடு ஆய்வகர்: எலிசா என்னும் இரத்தச் சோதனை தேடுவது, உட்பிரிவுக்கு உட்பிரிவு அதிகம் மாறாத ஜிபி41, பி24 போன்ற வைரஸ் புரதப் பகுதிகளுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களை என்பதால், சி உட்பிரிவும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். (இந்தப் பி24-க்கும் பி உட்பிரிவுக்கும் உறவில்லை; தமிழெழுத்து செய்யும் குழப்பம்.) வேறுபாடு தெரிவது வைரஸின் வெளியுறைப் புரதத்திலுள்ள வி3 வளையத்தில்: அதன் முனையில், பி உட்பிரிவில் பெரும்பாலும் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் இருக்குமிடத்தில், சி உட்பிரிவில் குளுட்டமின் இருக்கிறது.

குடியாத்தம் வாசகர்: அப்படியானால் சிக்கல் தடுப்பூசிக்குத்தான், இல்லையா?

ஆற்காடு ஆய்வகர்: ஆம். எதிர்ப்பொருள் வைரஸில் ஒட்டுவது வேறு, அதை முடக்குவது வேறு; சோதனைக்கு ஒட்டினாலே போதும், தடுப்பூசிக்கோ முடக்கவும் வேண்டும். பல உட்பிரிவுகளையும் முடக்கும் எதிர்ப்பொருள் சிலருக்கே, அதுவும் தொற்றிச் சில ஆண்டுகள் கழித்தே உருவாகிறது.