தேயிலையை விட்டு ரப்பருக்கு வந்தோம்: கீரிப்பாறையில் முதல் வருஷங்கள்

மலைக்காரி:

வெளிநாட்டில் போய்க் குடியேறினவர்கள் முதல் வருஷம் பட்ட பாட்டை இந்தக் குழுவில் எல்லாரும் எழுதுகிறீர்கள். எங்கள் கதை கொஞ்சம் தலைகீழ். எங்களை அனுப்பி வைக்கும்போதே "சொந்த நாட்டுக்குத்தானே போறீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அம்மா, அப்பா, தாத்தா எல்லாரும் பிறந்தது இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். இந்தியாவைக் கண்ணால் பார்த்த ஆள் எங்கள் வீட்டில் ஒருத்தர்கூட இல்லை. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்களே, அங்கே இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று, அந்த ஐந்தேகால் லட்சத்தில் நாங்கள் ஐந்து பேர். எங்கள் முறை வந்தது 1982இல். ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், அப்புறம் திரும்பி வந்தவர்களைத் தங்கவைக்கிற மண்டபம் முகாம். அந்தப் பயணத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை.

மண்டபத்தில் எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டம், ரப்பர் தோட்டம் என்றார்கள். கன்னியாகுமரி என்றதும் அப்பா கடலோரம் என்று நினைத்துவிட்டார். பஸ் நாகர்கோவிலைத் தாண்டி, பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் என்று காட்டுக்குள்ளே போய்க்கொண்டே இருந்தது. கீரிப்பாறையில் இறங்கினபோது மலையைப் பார்த்து அம்மாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் குளிர் இல்லாத மலை. அப்போது வனத்துறைதான் அந்தத் தோட்டத்தை நடத்திக்கொண்டிருந்தது, அரசு ரப்பர் கழகம் என்று தனியாக ஆனது 1984இல்தான்.

வீடும் வேலையும் கிடைத்துவிட்டது, அதனால் மற்றவர்களைவிட நாங்கள் கொடுத்துவைத்தவர்கள், மறுக்கவில்லை. ஆனால் தேயிலைக்காரியை ரப்பருக்குள் விட்டால் என்ன ஆகும் என்று மேலே யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. தோட்டம்தானே, கூலிதானே என்று நினைத்திருப்பார்கள். எங்களைக் கவிழ்த்தது மழை.

தேயிலைக்கு மழைதான் வாழ்வு. கொழுந்து தளதளவென்று வரும், இடுப்பில் படங்குத் துணியைக் கட்டி, தலைக்கு மேலே கம்பளியைப் போட்டுக்கொண்டு அம்மா கொட்டுகிற மழையிலும் பறிப்பாள், ராத்தல் கூடினால் காசும் கூடும். ரப்பரில் மழை பெய்தால் அன்றைக்குப் பால்வெட்டு, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை, இல்லை. பட்டை நனைந்தால் பால் சீவின கோட்டுவழியே மரத்தில் கட்டியிருக்கிற சிரட்டைக்குள் இறங்காது, மரம் முழுக்கப் பரவி வழிந்துவிடும், இறங்கின பாலையும் மழைத்தண்ணி அடித்துக்கொண்டு போய்விடும். அதிலும் குமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழைக்காலம், ஐப்பசியில் இன்னொன்று. முதல் ஆனி மாதம் மேகம் கறுத்ததும் அம்மா சந்தோஷமாகத் தயாராகி நிற்கிறாள், பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) ஆள்கள் கத்தியைத் துடைத்துச் செருகிவிட்டுப் படுக்கப் போகிறார்கள். அந்த மாதம் கடனில்தான் ஓடியது. இப்போது மரத்துக்கு பிளாஸ்டிக்கில் பாவாடை மாதிரிக் கட்டி மழையிலும் வெட்டுகிறார்கள். அப்போது எங்கள் பகுதியில் அதெல்லாம் கிடையாது.

பால்வெட்டு பழகினதைத் தனியாகச் சொல்லணும். விடியுமுன்னே போகணும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். கோடு இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் சரிந்து வரணும், பாதி மரத்தைச் சுற்றி. ஆழம்தான் கஷ்டம். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது, கொஞ்சம் அழுத்தினால் கத்தி பட்டைக்கு உள்ளே இருக்கிற தடியில் பட்டு மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாகத்தான் திரும்ப வளரும், பிறகு அதில் ஒழுங்காக வெட்ட முடியாது. இரண்டு கையாலும் கிள்ளிக் கிள்ளிக் கூடைக்குள் போட்டுப் பழகின அம்மாவுக்கு ஒரு கத்தியை வைத்து ஒரு தோலை உரிக்கிற வேலை. குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த வயசான ஒருத்தர்தான் பழக்கிவிட்டார். "பிள்ளே, மரத்த வெட்டாத, தோலச் சீவு, பைய" என்று பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருநாள் அம்மா கையில் இருந்த கத்தியை வாங்கி, தன் நகத்தால் பட்டையைக் கீறிக் காட்டி, இவ்வளவுதான் என்றாராம். அப்புறம்தான் அம்மாவுக்குப் பிடி கிடைத்தது. மிச்சம் எல்லாம், பட்டையிலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டுகிற அந்த ஒட்டுப்பால் நாற்றம் உட்பட, தானாகப் பழகிப்போச்சு.

தடிக்காரன்கோணத்துப் பையன்:

அக்கா, நான் இந்தப் பக்கத்து ஆள். உங்கள் ஆள்கள் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில். உண்மையைச் சொன்னால் ஊரில் முணுமுணுப்பு இருந்தது, "வேலையெல்லாம் சிலோன்காரனுக்குப் போகுது" என்று. எங்கள் வீட்டிலும் பேசினார்கள். எங்களுக்கு இலங்கை என்றால் ரேடியோதான், காலையில் பாட்டு வைத்தால் இலங்கை வானொலி, அவ்வளவுதான் தெரியும். வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பையனிடம் நான் கேட்ட முதல் கேள்வியே, "லே, அந்த ரேடியோவுல பேசுறவங்கள நீ பாத்திருக்கியா?" அவன் பார்த்ததில்லை. மஸ்கெலியாவோ எதுவோ, அவன் தோட்டத்தை விட்டு வெளியே வந்ததே கப்பல் ஏறத்தானாம். எனக்கு ஒரே ஏமாற்றம். ஆனால் அவன் அம்மா கட்டிக்கொடுக்கிற கோதுமை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இருக்கிறதே, எங்கள் வீட்டு மரச்சீனியையும் (மரவள்ளிக்கிழங்கு) சாளைக் கறியையும் அவனிடம் தள்ளிவிட்டு அதை வாங்கித் தின்போம். முணுமுணுப்பு எப்போது நின்றது என்று ஞாபகம் இல்லை. பால்வெட்டுக் கூலிக்காக இரண்டு பக்கத்து ஆள்களும் சேர்ந்து கொடி பிடித்து நின்றபோது நின்றிருக்கும்.

கூடலூரிலிருந்து:

நாங்களும் அதே கப்பல்தான், ஆனால் எங்களுக்குத் தோட்ட வேலை தரவில்லை, பிழைத்துக்கொள்ள வியாபாரக் கடன் தந்தார்கள். கொழுந்து பறித்தவனுக்கு என்ன வியாபாரம் தெரியும்? திருச்சிப் பக்கம் ஒரு பெட்டிக்கடை, முதல் வருஷமே முடிந்தது. பிறகு சொந்தக்காரர்களைத் தேடி நீலகிரிக்கு ஏறி வந்தோம், மறுபடியும் தேயிலை. அக்கா சொன்ன மாதிரி வீடும் வேலையும் சேர்ந்து கிடைத்தவர்கள் பிழைத்தார்கள், காசைக் கையில் வாங்கினவர்கள் நிறையப் பேர் சிதறிப்போனார்கள். ரப்பருக்குப் போன எங்கள் சித்தப்பா குடும்பம் குமரி மாவட்டத்து மணலோடையில் இருக்கிறது, அவர்களுக்கும் மழைப் பிரச்சினை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

குளச்சல் கடல்:

நான் பஹ்ரைனில் மீன்பிடிக்கப் போனவன். மழைக் கதையைப் படித்ததும் எனக்கு சமால் காற்று ஞாபகம் வந்தது, வடமேற்கிலிருந்து அடிக்கும், அடித்தால் கடலுக்குப் போக முடியாது. மாதச் சம்பளம் என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன், அங்கே போனால் பங்குக் கணக்கு. மீன் பட்டால் காசு, இல்லையென்றால் சாப்பாட்டுச் செலவு நம் பேரில் ஏறும். முன்னாடியே போன நம்ம ஊர்க்காரன் ஒருத்தன்தான் அரிசி கொடுத்தான். அவனேதான் எங்களை அங்கே கூப்பிட்டு வந்தவன், அதற்குக் கமிஷனும் வாங்கியிருந்தான். அவனைத் திட்டுவதா கும்பிடுவதா என்று இன்றைக்கும் எனக்கு முடிவாகவில்லை.

மலைக்காரி:

குளச்சல் அண்ணே, எங்களுக்கும் அப்படி ஒருத்தர் இருந்தார், லயத்திலேயே கடை வைத்திருந்தார், மழை மாதத்தில் கடனுக்கு அரிசி தருவார், வட்டியும் போடுவார். அம்மா அவரைத் திட்டவும் மாட்டாள், புகழவும் மாட்டாள்.

இன்னொரு விஷயம், உள்பெட்டியில் கேட்டவர்களுக்காகப் பொதுவிலேயே சொல்லிவிடுகிறேன். தாயகம் திரும்பியவர்கள் என்று கொடுத்த குடும்ப அட்டை, பழைய பாஸ்போர்ட் இரண்டும் வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் தம்பி பையனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தோம், தாத்தாவின் தாத்தா எந்த மாவட்டம், எந்த ஊர் என்று கேட்டார்கள், யாருக்குத் தெரியும்? கடைசியில் வேலை செய்தது தகரப் பெட்டிக்குள் மடிந்து கிழிந்து கிடந்த அந்த அட்டைதான். பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் நாலு நகல் எடுத்து வையுங்கள், அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். சிற்றாறு, பரளியாறு ரப்பர் தோட்டங்கள் பக்கம் இருந்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? உங்களுக்கு யார் வெட்டுப் பழக்கினார்கள், எழுதுங்கள்.