ஷூ கம்பெனி வேலை, மைனஸ் 4.5 பவர்: எந்த லென்ஸ் போடலாம்?

ஆம்பூரான்:
ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். இரண்டு கண்ணிலும் மைனஸ் 4.5. வேலூரில் ஒரு கடையில், பாலிகார்பனேட் போடுங்கள், உடையாது என்கிறார்கள். பக்கத்துக் கடையில் 1.67 இண்டெக்ஸ் (லென்ஸ் ஒளியை வளைக்கும் அளவு; இது கூடினால் லென்ஸ் மெலியும்) தான் மெலிதாக வரும் என்று அதைவிட அதிக விலை சொல்கிறார்கள். தினமும் பைக்கில்தான் போய்வருகிறேன். எதை வாங்குவது?

காட்பாடிக் கண்ணாடிக்காரர்:
லென்ஸ் தேய்த்துப் பொருத்தியே தலை நரைத்தவன் சொல்கிறேன், தம்பி. விலையை விடுங்கள், முதலில் உங்கள் கையைப் பாருங்கள். சொல்யூஷன், தின்னர், அசிட்டோன் எல்லாம் புழங்கும் இடம் உங்களுடையது. அசிட்டோன் பட்டால் பாலிகார்பனேட் வெளுத்து மங்கிவிடும், பிறகு எந்தக் கடைக்காரராலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஒட்டிய பசையை அசிட்டோன் துணியால் துடைப்பவர்கள் உண்டு. அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிரேமும் அதில் கரையும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

1.67-ம் உங்களுக்கு வேண்டாம், 1.60 போதும். அதன் ஆப்பே எண் ஏறக்குறைய 41. பாலிகார்பனேட்டுக்கு 30, 1.67-க்கு 32 அளவில்தான். இந்த எண் குறைந்தால் லென்ஸின் ஓரம் வழியாகப் பார்க்கும்போது விளக்கைச் சுற்றி வண்ணக் கரை தெரியும். இரவில் பெங்களூரு நெடுஞ்சாலையில் எதிரே லாரி வரும்போது அது எரிச்சலாக இருக்கும். கல் தெறித்தால் தாங்க ஹெல்மெட் வைசர் இருக்கிறது.

இன்னொன்று, கடையில் சொல்ல மாட்டார்கள்: பெரிய சதுர பிரேம் எடுத்தால் 1.74 போட்டாலும் ஓரம் தடிக்கும். கண்மணி நடுவில் வரும்படி சிறிய வட்டப் பிரேம் எடுங்கள். பாதித் தடிமன் பிரேமிலேயே போய்விடும்.

குடியாத்தம் அம்மா:
ஐயா, என் மகனுக்கு ஏழு வயது, மைனஸ் 2. அவனுக்கும் 1.60 தானா?

காட்பாடிக் கண்ணாடிக்காரர்:
இல்லையம்மா. பந்து விளையாடும் பிள்ளைக்குப் பாலிகார்பனேட்தான் சரி. புற ஊதாக் கதிரையும் அதுவே தடுத்துவிடும், அதற்கென்று தனிக் கோட்டிங் என்று கடையில் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் எளிதில் கீறல் விழும், ஹார்ட் கோட்டிங் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். சட்டை நுனியால் துடைக்க விடாதீர்கள். தண்ணீரில் கழுவிவிட்டுத் துடைக்கட்டும்.

ஆம்பூரான்:
நன்றி ஐயா. வேலை நேரத்தில் கண்ணாடியைப் பைக் பெட்டியிலேயே வைத்துவிடலாமா? பசையாவது படாமல் இருக்கும்.

காட்பாடிக் கண்ணாடிக்காரர்:
நம் ஊர்ச் சித்திரை வெயிலிலா? எந்த லென்ஸானாலும் கோட்டிங் நுண்ணிய விரிசலாக வெடித்துவிடும். கண்ணாடிக் கூட்டில் போட்டு லாக்கரில் வையுங்கள்.